நல்லூர் வீட்டுக் குரூப்: அம்மான்ர கனடா விசயம்

சனிக்கிழமை

வதனி (நல்லூர்) காலை 7:12
எல்லாரும் எழும்பினாப் பிறகு வாசியுங்கோ. அம்மாவுக்கு விசா போட்ட கொமினிக்கேசன் கடையில போய் அந்த ஈமெயிலைத் திறந்து பாக்கச் சொன்னனான், பாஸ்வேட் மறந்துபோச்சு எண்டு ரெண்டு நாள் அலைக்கழிச்சு நேற்றுத்தான் திறந்தவர். கடிதம் மூண்டு மாசத்துக்கு முதலே வந்து கிடக்குது. கனடாவுக்குத் திரும்பிப் போறதுக்கான பயணப் பத்திரம் தரேலாதாம், 5 வருசத்தில 730 நாள் அம்மா அங்க இருக்கேல்லையாம், 60 நாளுக்குள்ள அப்பீல் போடலாம் எண்டும் எழுதிக் கிடக்கு. இண்டைக்கு 94 நாள்

லண்டன் அக்கா 7:40
ஐயோ வதனி. அம்மாவுக்குச் சொல்லீட்டியோ

வதனி 7:41
இல்லை அக்கா. கோயிலுக்குப் போட்டா. என்னெண்டு சொல்லுறது எண்டு தெரியேல்ல

பெரியண்ணா (ஸ்காபரோ) மாலை 5:03
இப்பதான் கண்டனான். ராவு வேலை.
பிழை என்ரதான். 2014ல ரெண்டு பேரையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டது நான், அப்பா 2017ல குளிர் ஏலாது எண்டு திரும்பிட்டார், 2020 மாசியில அவருக்குப் பாரிசவாதம் வந்தோடன அம்மா மூண்டு மாசத்தில வாறன் எண்டு சொல்லிப் போனவா, பேந்து கொரோனாவில கட்டுநாயக்கா எயர்ப்போட் பூட்டினது, திறந்தாப் பிறகு அப்பாவை விட்டிட்டு வர அவவால ஏலேல்ல. அப்பா காலமான பிறகுதான் அம்மான்ர பீஆர் (நிரந்தர வதிவிட) காட்டை எடுத்து பாத்தனாங்கள், அது முடிஞ்சு போய்க் கிடந்தது. நாள் கணக்கை நான் பாத்திருக்கோணும்.
பரவாயில்லை, திரும்ப ஸ்பொன்சர் போடப்போறன். இஞ்ச ஒருத்தர் 1500 டொலர் தந்தா வெயிற்றிங் லிஸ்ரில பேர் போட்டுத் தாறன் எண்டவர், 500 குடுத்திட்டன்

நிரோ மச்சான் (மார்க்கம்) 5:20
மச்சான் மிச்சத்தைக் குடாதை. அப்பிடியொரு லிஸ்ற் இல்லை

பெரியண்ணா 5:21
என்னடா சொல்லுறாய். கனடா சிற்றிசன் நான், தாயைக் கூப்பிடேலாதோ

நிரோ மச்சான் 5:38
கூப்பிடலாம். பீஆரை இழந்தவை எண்டதுக்காக ஒருக்காலும் மறிக்கமாட்டினம், அது கறுப்புப் புள்ளியும் இல்லை. பிரச்சினை வேற. தாய் தகப்பன் ஸ்பொன்சருக்கு ஆர்வமாயிருக்கிறம் எண்டு ஒரு போம் நிரப்பச் சொல்லி 2020 ஐப்பசி 13ல இருந்து கார்த்திகை 3 வரைக்கும் திறந்தவை, ஞாபகம் இருக்கோ. அதுக்குப் பிறகு 2025 வரைக்கும் குலுக்கிக் கூப்பிட்டதெல்லாம் அந்தப் பெயருகளுக்குள்ள இருந்துதான். அந்த நேரம் மாமி பீஆரோட இருந்தவா, நீ ஏன் பேர் குடுக்கப்போறாய். இப்ப காசு வாங்கிக்கொண்டு லிஸ்ரில போடுறன் எண்டு சொல்லுறவர் எந்த லிஸ்ரில போடப்போறார்? திரும்பப் புதுசாத் திறந்தால் முதல் நாளே போடுவம், ஆனா அதை நம்பி 71 வயசு மனுசியை வைச்சிருக்கேலாது

மச்சாள் (ஸ்காபரோ) 5:44
நான் அண்டைக்கே சொன்னனான் அந்தாளிட்ட ரிசீற் கேளுங்கோ எண்டு. 500 போனாப் போகட்டும், இனிக் குடுக்கவேண்டாம்

லண்டன் அக்கா 5:50
நிரோ எனக்கு ஒண்டுதான் விளங்கேல்ல. அம்மா ஊர் சுத்தப் போகேல்லையே, படுக்கையில கிடந்த புருசனைப் பாக்கப் போனவா. அதுக்கோ இந்தத் தண்டனை

நிரோ மச்சான் 6:15
அக்கா அதைத்தான் அப்பீலில சொல்லியிருக்கோணும். நாள் காணாட்டிலும் மனிதாபிமானக் காரணம் பாப்பினம், மாமாவின்ர ஆஸ்பத்திரிக் காயிதங்கள், பிளைற் நிண்ட கதை, இஞ்ச பேரப்பிள்ளையள் இருக்கினம், எல்லாம் பலமான விசயம். பிந்தினாலும் ஏன் பிந்தினது எண்டு காட்டி நேரம் நீட்டித் தரச்சொல்லிக் கேக்கலாம், தாறதும் தராததும் அவையின்ர விருப்பம். அதைப் போடுறதெண்டா லைசன்ஸ் உள்ள லோயரிட்ட இந்தக் கிழமையே போ.
ஆனா ஒண்டு. வெண்டாலும் மாமி பேந்தும் 730 நாள் எண்ணோணும். சிற்றிசனான பிள்ளையோட வெளிநாட்டில இருந்த நாளைக் கணக்கில எடுக்கமாட்டினம், புருசனோ பெண்சாதியோ சிற்றிசனா இருந்தா எடுப்பினம். அப்ப அவ 2 வருசத்துக்குக் குறையாம இஞ்சயே நிக்கோணும். மாமிக்கு அது விருப்பமோ எண்டு ஆரும் கேட்டனீங்களோ

(ஒருத்தரும் எழுதேல்ல)

நிரோ மச்சான் 6:31
என்ர மனுசியின்ர தாய்க்கும் இதே நிலைமை வந்தது. அவவின்ரயில இன்னொரு சிக்கல், காட் முடிஞ்சா பீஆர் போச்சு எண்டு நாங்கள் நினைச்சிட்டம், அது போகாது, முறைப்படி முடிவெடுக்குமட்டும் ஆள் பீஆர்தான், பீஆருக்கு விசிற்றர் விசா தரமாட்டினம். பேந்து பீஆரைத் தானா விட்டுக்குடுக்கிற போம் நிரப்பி அனுப்பித்தான் சுப்பர் விசா, அதுதான் பிள்ளையளைப் பாக்க வாற தாய் தகப்பனுக்குக் குடுக்கிற நீண்டகால விசா, எடுத்தது. மாமிக்கு அந்த போம் வேண்டாம், மறுத்த கடிதம் வந்து அப்பீல் நாளும் முடிஞ்சதால அவவின்ர பீஆர் இப்ப இல்லை

பெரியண்ணா 6:33
சுப்பர் விசா எண்டா விசிற்றர்தானே. ஓகிப் (ஒன்ராறியோ அரசாங்க மருத்துவக் காப்புறுதி) இல்லை. நாளைக்கு அம்மாவுக்கு ஒண்டு நடந்தா

நிரோ மச்சான் 6:52
ஓம் ஓகிப் இல்லை, அதுதான் பெரிய இழப்பு, உன்னட்ட மறைக்கேல்ல. பென்சனும் இல்லை, ஆனா அதுக்கு இஞ்ச 10 வருசம் இருக்கோணும், மாமி இருந்தது 6 தானே.
மற்றதுகளைப் பார். 10 வருசம் வரைக்கும் விசா தருவினம், ஒருக்கா வந்தா 5 வருசம் நிக்கலாம், 2022 ஆடியில இருந்து அப்பிடி. முந்தி 2 வருசம்தான். உன்ர வருமானம் குடும்ப ஆக்களின்ர எண்ணிக்கைக்குக் காணோணும், மாமியையும் சேத்து எண்ணு, மச்சாளின்ர வருமானத்தையும் சேக்கலாம். இன்சூரன்ஸ் ஆகக்குறைஞ்சது ஒரு லட்சம் டொலருக்கு, ஒரு வருசத்துக்கு. கொட்டேசனைக் காட்டினா எடுக்கமாட்டினம், காசு கட்டியிருக்கோணும், மாசாமாசம் கட்டுற பிளானும் சரி. பிரசர், சுகர் எல்லாத்தையும் உள்ளபடி சொல்லு. மறைச்சு எடுத்தா நாளைக்கு ஆஸ்பத்திரி பில் வரேக்க அவை கையை விரிப்பினம்.
அப்பீலையும் இதையும் ஒரே நேரம் போட்டுக் குழப்பாதேங்கோ. ஏதோ ஒண்டு

ஞாயிற்றுக்கிழமை

வதனி காலை 6:25
அம்மாவுக்கு ராத்திரி எல்லாம் வாசிச்சுக் காட்டினனான். கனநேரம் பேசாம இருந்தவா. பேந்து சொன்னவா, அவ சொன்னபடியே எழுதுறன், தம்பி எண்டு சொல்லுறது பெரியண்ணாவைத்தான்:
"ஸ்காபரோவில நான் இருந்த காலம் சாமியறைக் கலண்டரில ஒவ்வொரு நாளும் கீறினனான், அப்பா இஞ்ச தனியச் சமைச்சுச் சாப்பிடேக்க நான் அங்க நாள் கீறிக்கொண்டு இருந்தனான். இனி என்னால நாள் எண்ண ஏலாது. பேரப்பிள்ளையளைப் பாக்கோணும், தம்பியோட கொஞ்ச நாள் இருக்கோணும். அப்பான்ர திவசத்துக்கு வருசாவருசம் நான் இந்த வீட்டில நிக்கோணும். அதுக்கு எந்த விசா சரியோ அதைப் போடச்சொல்லு. தம்பியை அழவேண்டாம் எண்டு சொல்லு"

லண்டன் அக்கா 10:02
😢 அம்மா

நிரோ மச்சான் மாலை 4:10
அப்ப கேள்விக்கு மாமி பதில் சொல்லீட்டா. சுப்பர் விசாவில போறது வாறதுக்கு நாள் கணக்கு இல்லை, திவசத்துக்கு வந்து ஆறு மாசம் நிண்டிட்டுத் திரும்பிப் போகலாம்

பெரியண்ணா 4:48
சரி. அம்மா அப்பிடிச் சொன்னா நான் அப்பீல் எண்டு நிக்கேல்ல. வதனி, அம்மாவோட நான் பின்னேரம் கதைக்கிறன், நித்திரை கொள்ள விடாத.
வாற கிழமை இன்சூரன்ஸுக்கு மூண்டு இடத்தில விலை கேக்கிறன்

நிரோ மச்சான் 4:55
வதனி, விண்ணப்பத்தில முந்தி எந்த நாட்டாவது விசா மறுத்ததோ எண்டு கேள்வி வரும், ஓம் எண்டு போட்டு பயணப் பத்திரம் மறுத்த கடிதத்தையும் சேத்து அனுப்பு. மறைச்சா பொய் சொன்னதாப் போகும். கைரேகைக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு போகோணும், விசாவுக்கு 100 டொலர் கைரேகைக்கு 85. மெடிக்கலும் இருக்கு. இந்த முறை ஈமெயில் அண்ணாவின்ரயைக் குடு, கடைக்காரரின்ரயைக் குடாத

வதனி திங்கள் காலை 7:05
சரி மச்சான். அம்மான்ர பாஸ்போட் 2029 வரைக்கும் இருக்கு. அண்ணா உங்கட சம்பளக் காயிதமும் அழைப்புக் கடிதமும் எப்ப அனுப்புவீங்கள், அம்மா அதுக்குள்ள கண் டொக்டரிட்ட ஒருக்காப் போட்டு வரட்டாம் எண்டு கேக்கிறா

பெரியண்ணா 7:30
வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிறன். கண் டொக்டருக்குக் காசு போட்டுவிடுறன், நீ கூடப் போ