தெருப்பணம் எதற்கு: மாடிக்கு வெள்ளையடிக்கவா, மரம் வைக்கவா?

சரவணம்பட்டி வாசி:
கோவையில் எங்கள் லேஅவுட்டில் சேர்ந்திருக்கும் பொதுப்பணத்தில் மொட்டைமாடிகளுக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கலாம் என்கிறேன். மரம்தான் வேண்டும் என்று பாதிப் பேர் நிற்கிறார்கள். தார்சு, அதாவது கான்கிரீட் கூரை, பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரியில் வீட்டுக்குள் இறக்குகிறது. வெள்ளை, வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி விட்டுவிடும். தெலங்கானா 2023-லேயே இதற்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. மரம் நிழல் தர வருஷங்கள் ஆகும்.

நொய்யல்கரை:
மாடி குளிரும், சரிங்க. தெரு? ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம்மைக் காப்பாற்றிவிடும். பங்குனி, சித்திரையில்தான் வேகிறோம். புங்கன் அப்போதுதான் புதுத்தழை விட்டு அடர்ந்து நிற்கும். அமெரிக்கப் பாலைவன ஊரான ஃபீனிக்ஸில் 2020 முதல் தார் ரோட்டுக்கு வெளிர்பூச்சு அடித்தார்கள். ரோட்டின் சூடு குறைந்தது. ஆனால் திரும்பிய வெயில் நடந்து போகிறவர்கள் மேல் விழுந்து, உச்சிப்பொழுதில் அவர்களுக்குச் சூடு கூடியது.

சரவணம்பட்டி வாசி:
அது ரோடுங்க. மாடியில் பட்டது வானத்துக்குத்தான் போகும். குழாய்த் தண்ணீரே பத்து நாளைக்கு ஒருமுறை வருகிறது, கன்றுக்கு யார் ஊற்றுவது?

ஈரோட்டு அக்கா:
தம்பிகளா, ஊருக்கு ஊர் கணக்கு மாறும். ஊட்டியில் வெள்ளைக் கூரை போட்டால் மார்கழிக் குளிரில் கிடைக்கிற கொஞ்சம் கதகதப்பும் போய்விடும். சென்னையில் காற்றே ஈரம், ஏர்கூலர் போட்டாலும் கசகசப்புதான். நம் பக்கம் கோடைக் காற்று வறண்டது, இலை விடும் ஈரம் நன்றாகவே குளிர்த்தும். அதனால் எனக்கு மரம்தான் பெரிது. ஆனாலும் ஒன்று. நான் மூன்று வருஷம் சிமென்ட் ஷீட் போட்ட லைன் வீட்டில் இருந்தவள். மத்தியானம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவோம். ஒரு சித்திரையில் ஷீட் மேல் சுண்ணாம்பு அடித்த பிறகுதான் குழந்தை வீட்டுக்குள் தூங்கியது. மழையில் கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். உங்கள் லேஅவுட் பக்கம் லைன் வீடு இருக்கிறதா?

சரவணம்பட்டி வாசி:
பின்தெருவில் எட்டு இருக்குங்க அக்கா. எங்கள் பட்டியலில் அவை இல்லை.

நொய்யல்கரை:
அப்படியென்றால் அந்த எட்டுக்கு முதலில் அடியுங்கள், அதை நான் எதிர்க்கவில்லை. தார்சு வீட்டுக்காரர்கள் அவரவர் காசில் அடிக்கட்டும். மிச்சப் பணத்தில் கன்று வாங்கி ஆடி மழைக்கு முன்னால் நடுங்கள், பாத்திரம் கழுவிய தண்ணீரே அதற்குப் போதும்.

சரவணம்பட்டி வாசி:
லைன் வீடு சரி. மிச்சத்தை மரத்துக்கு விட மாட்டேன். வாடகைக்கு இருப்பவர் சொந்தக் காசில் அடுத்தவர் மாடிக்கு அடிப்பாரா?