மனசுக்கான தெரபில சிபிடி, ஈஆர்பி, சும்மா பேசுற கவுன்சிலிங்: உங்களுக்கு எது ஒத்துவந்துச்சு?

திருச்சி மீனா
ஓசிடி, அதாவது வேண்டாத பயம் வந்து ஒண்ணையே திரும்பத் திரும்ப செய்ய வைக்கற வியாதி, இருக்கறவங்களுக்கு இத விளக்க வேண்டியதில்ல. எனக்கு கேஸ் நாப். ஆஃப் பண்ணிட்டு, திரும்பி வந்து பாத்து, போன்ல போட்டோ எடுத்து, பஸ் ஸ்டாண்ட்ல நின்னு அத ஜூம் பண்ணி பாத்து, அப்பவும் நம்பாம வீட்டுக்காரர்கிட்ட "நீங்களும் பாத்தீங்கல்ல"ன்னு கேட்டுட்டே இருப்பேன். மொதல்ல போன கவுன்சிலர் ரொம்ப அன்பானவங்க. "ஒண்ணும் ஆகாதும்மா, நீ எவ்ளோ பொறுப்பான பொண்ணு"ம்பாங்க. அதுல ரெண்டு நாள் ஓடும், அப்புறம் மறுபடி அவங்க வாயால கேக்கணும். அவங்களும் எனக்கு இன்னொரு போட்டோவா ஆயிட்டாங்க.

அப்புறம் ஈஆர்பி, அதாவது பயத்த நேரா சந்திக்க வச்சு செக் பண்ணாம இருக்கப் பழக்கற முறை, பண்ற ஒரு க்ளினிகல் சைக்காலஜிஸ்ட்கிட்ட போனேன். வீட்டுக்காரரையும் உள்ள கூப்பிட்டு, "இனிமே இவங்க கேட்டா ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்க"ன்னுட்டாங்க. சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல நிக்கறோம், "கேஸ் ஆஃப் பண்ணேனா"ன்னு கேக்கறேன், அவர் என் முகத்தையே பாக்கறார், சொல்ல வாய் வருது, அடக்கிக்கறார். அவ்ளோ ஜனத்துக்கு நடுவுல அழுதுட்டேன். பதட்டம் நூத்துக்கு 90 இருக்கும். பஸ் ஏறி கொஞ்ச தூரம் போனதும் அது தானா இறங்க ஆரம்பிச்சுது, நான் செக் பண்ணல, யாரும் சமாதானம் சொல்லல, ஆனாலும் இறங்குச்சு. அத இன்னிக்கும் நெனச்சு நெனச்சு பாக்கறேன்.

ராஜபாளையம் கண்ணன்
மீனா சொல்றது ஓசிடிக்கு சரி. இதப் படிச்சுட்டு ஹோம்வொர்க் குடுத்தாதான் தெரபின்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க. எங்க அப்பா குடிச்சே போனவரு. எனக்கு சிபிடி குடுத்தாங்க, நம்ம நெனப்ப ஆராஞ்சு மாத்தப் பாக்கற முறை அது. கட்டம் போட்ட பேப்பர், நெனப்பு என்ன, ஆதாரம் என்ன, எதிரா என்ன ஆதாரம். "அப்பா செத்தது நிம்மதியா இருக்கு, நான் கெட்டவன்"னு எழுதினேன். எதிர் கட்டத்துக்கு தெரபிஸ்ட் "இதே நிலைமைல உங்க பிரண்ட் இருந்தா என்ன சொல்வீங்க"ன்னு கேட்டாரு. பேப்பர கிழிச்சுப் போடணும் போல இருந்துச்சு, எழுந்து வந்துட்டேன்.

ரெண்டாவது போனது சைக்கோடைனமிக், அதாவது அடிமனசுல இருக்கற பழசப் பேசிப் புரிஞ்சுக்கற முறை, பண்றவங்க. பாதி நேரம் பேசவே மாட்டாங்க. ஒரு வாரம் அவங்க லீவ். அடுத்த வாரம் போனதும் "பரவால்ல மேடம், உங்களுக்கும் வேல இருக்கும்ல"ன்னேன். "என் மேல கோவம் வந்துச்சா?"ன்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்ல வாயத் தொறந்தா, அப்பா வீட்டுக்கு வராத ராத்திரில அம்மாகிட்ட நான் சொன்ன "பரவால்லம்மா" எல்லாம் வரிசையா வருது. செஷன் முடியற வரைக்கும் பேச்சே வரல. ஆனா இது மாசக்கணக்கா இழுக்கும், காசும் ஆகும்.

சேலம் அமுதா
எனக்கு ஆக்ஸிடன்ட். லாரி ஹெட்லைட் கண்ண மூடினா வந்துரும். ஈஎம்டிஆர்ங்கற தெரபில தெரபிஸ்ட் விரல அசைக்க அசைக்க கண்ணால தொடர்ந்துகிட்டே அந்த வெளிச்சத்த நெனைக்கணும், திடீர்னு அது எங்கயோ தூரத்துல தெரிஞ்சுது. என் கதை அவ்ளோதான்.

நான் சொல்ல வந்தது வேற. வியாதிக்கு ஏத்த தெரபி எதுன்னு பாத்துட்டுப் போங்க. ஆக்ஸிடன்ட், வன்முறை மாதிரி அதிர்ச்சிக்கு ஈஎம்டிஆரும் ட்ராமாவுக்குன்னு இருக்கற சிபிடியும்தான் 2013-ல டபிள்யூஎச்ஓ (உலக சுகாதார அமைப்பு) வழிகாட்டுதல்லயே இருக்கு. கைய அறுத்துக்கறது, சாகணும்னு தோணிட்டே இருக்கறதுன்னா அமெரிக்க சைக்காலஜிஸ்ட் மார்ஷா லினஹன் உருவாக்கின டிபிடின்னு, உணர்ச்சி பொங்கறப்ப சமாளிக்கக் கத்துக்குடுக்கற தெரபி ஒண்ணு இருக்கு. போற எடத்துல ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கான்னு கேளுங்க, போர்டுல கவுன்சிலர்னு யார் யாரோ போட்டுக்கறாங்க. மொத நாளே என்ன மெத்தட், சுமாரா எத்தன செஷன், முன்னேற்றத்த எப்படி அளப்பீங்கன்னு கேட்டுருங்க. மாத்திரை ஓடிட்டு இருந்தா தெரபி தொடங்கினதும் நீங்களா நிறுத்தாதீங்க. அவசரம்னா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416, இலவசம், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அப்புறம் மீனா, புருஷன வாய மூட வச்சது எனக்குக் கொடுமையாதான் தெரியுது. அழற மனுஷிக்கு ஒரு ஆறுதல் சொன்னா என்ன குறைஞ்சுடும்?

திருச்சி மீனா
அமுதா, கொடுமை இல்லங்க. மொதல்ல பயத்த எல்லாம் கொறஞ்சதுலேர்ந்து கூடினது வரைக்கும் லிஸ்ட் போட்டோம், ஒவ்வொண்ணும் என்னைக் கேட்டுத்தான் ஆரம்பிச்சாங்க, பஸ் ஸ்டாண்ட் கடைசில வந்தது. வருஷக்கணக்கா வீட்ல எல்லாரும் ஆறுதல் சொல்லித்தான் அது வளந்துச்சு. லண்டன்ல விக்டர் மேயர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1966-லயே இந்த முறைய எழுதிட்டாரு, நேத்து யாரோ கண்டுபிடிச்ச வைத்தியம் கிடையாது. வீட்டுக்காரர் சும்மாவும் நிக்கல, என் கையப் பிடிச்சுட்டுதான் நின்னாரு.

ராஜபாளையம் கண்ணன்
அமுதா சொன்ன அந்த மூணு கேள்வியும் நல்ல கேள்விதான். ஆனா மொத நாள் ரிசப்ஷன்ல பேரு சொல்லவே எனக்கு தொண்டை அடைச்சுது, அதுல போய் மெத்தட் என்னன்னு எங்க கேக்க? ரெண்டாவது தடவை எங்க அக்காதான் முன்னாடியே போன் போட்டு எல்லாம் விசாரிச்சு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தா. கேக்கத் தெம்பில்லாதவங்க வீட்ல யாரையாவது கேக்கச் சொல்லுங்க.