எமாமெக்டின் தேனீயைத் தொடாதா?

கரிசல்காட்டான்: "பூப்பிடித்த பருத்திக்கு எமாமெக்டின் அடியுங்கள், புழுவை மட்டும் கொல்லும், தேனீயைத் தொடாது" என்று கடைக்கார அண்ணாச்சி நேற்று இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. காலையில் இதே மருந்தை அடித்துவிட்டு, வரப்பில் செத்துக் கிடந்த தேனீக்களைக் கையால் அள்ளியவன் நான்.

கடைக்கார அண்ணாச்சி: பூ விரிந்திருக்கும் காலையில் அடித்தது யார் குற்றம்? மாலையில் அடித்தால் மருந்து இலைக்குள் இறங்கிவிடும். மேலே நிற்பது வெயிலில் சிதைந்துவிடும். சைபர்மெத்ரின் மருந்தைப் போல, நன்மை செய்யும் பொறிவண்டையெல்லாம் அழித்துவிட்டு வெள்ளை ஈயைப் பெருக்கிவிடாது. இருபது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன்.

கரிசல்காட்டான்: மாலை என்ற சொல்லை நேற்று எழுதினீர்களா? "தேனீயைத் தொடாது" என்றுதானே எழுதினீர்கள்?

பூச்சியியல் மாணவி: புழுவை மட்டும் குறிவைப்பதைத் தேர்வுத்திறன் என்போம். அப்படியென்றால் நன்மை செய்யும் பூச்சிகளுக்குப் பாதிப்பு குறைவு என்பதுதான், பாதிப்பே இல்லை என்பதல்ல. தேனீதான் கவலை என்றால் குளோரான்ட்ரனிலிபுரோல் 18.5 எஸ்.சி. என்ற மருந்து மேலானது. ஹெக்டேருக்கு 150 மி.லி. போதும். முதலில் எந்தப் புழு என்று சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்: அளவை யார் கேட்டது தங்கச்சி? தொடுமா, தொடாதா?

பெரம்பலூர் உழவன்: இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்க்குள் நுழைந்துவிட்டால் எந்த மருந்தும் எட்டாது. அதைப் பேச ஆளில்லை. பெண் பூச்சியின் வாசனையால் ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றில், இரவுக்கு எட்டு வீதம் மூன்று இரவு தொடர்ந்து விழுந்தால்தான் மருந்தைத் தொட வேண்டும். பொறியைப் பற்றி அண்ணாச்சி ஒரு வரி எழுதியதுண்டா? புழுவைத் தாங்க மரபணு மாற்றிய பி.டி. விதை போட்டால் காய்ப்புழுவே வராது என்று சொன்னவரும் இவர்தான். குஜராத்தில் அந்தப் புழு பி.டி.க்கு அடங்கவில்லை என்பது 2010-லேயே வெளிவந்த செய்தி.

கடைக்கார அண்ணாச்சி: விதைப் பேச்சை எதற்கு இழுக்கிறீர்கள்? சொந்தக் காட்டில் பொறி கட்டியிருக்கிறீர்களா?

பெரம்பலூர் உழவன்: ஏக்கருக்கு ஐந்து கட்டியிருக்கிறேன். வந்து எண்ணிப் பாருங்கள்.

பூச்சியியல் மாணவி: பச்சைக் காய்ப்புழுவா, இளஞ்சிவப்பா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

கரிசல்காட்டான்: பொறி, விதை எல்லாம் பிறகு. "தேனீயைத் தொடாது" என்ற வரி நேற்றைய பதிவில் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை நம்பி நாளைக் காலையில் ஒருவன் டேங்கைத் தோளில் மாட்டுவான். அழியுங்கள் அண்ணாச்சி.

கடைக்கார அண்ணாச்சி: அழிக்க மாட்டேன். மாலையில் அடித்தால் தேனீக்குப் பாதிப்பு குறைவு.

கரிசல்காட்டான்: அந்த "மாலையில்" என்ற சொல்லைத்தான் நேற்றிலிருந்து கேட்கிறேன்!