சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

தேனித்தூறல்
அடிவாரத்துப் பளியங்குடி வழியாக நடந்தேன். ஆறரை கிலோமீட்டர்தான் என்பார்கள், கால் நம்பாது. மேலே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சாந்து பூசாமல் அடுக்கிய கருங்கல், பாதி சரிந்த சுவர், புல். இதுக்குத்தானா இவ்வளவு ஏற்றம் என்று வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு ஆத்தா. சன்னதி வரைக்கும் வந்தவர் உள்ளே போகவில்லை. ஒதுங்கிப்போய், விழுந்து கிடந்த கல்லின் மேல் பச்சைக் கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். நாலாவது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டது, எச்சில் தொட்டு இழுத்தார். "உள்ளே வைக்கலாமே ஆத்தா" என்றேன். "அவ உள்ளயா நின்னா?" என்றார். மூன்று வருஷமாச்சு.

கல்லும்முள்ளும்
இதுக்குத்தானா என்று கேட்காதீர்கள் தேனி. வருஷத்துக்கு ஒரே நாள் திறக்கிற இடம், பெரியாறு புலிக் காட்டுக்குள்ளே. நாங்கள் குமுளியிலிருந்து ஜீப்பில் போனோம், இறங்கும்போது புருவம் வரை செம்மண். பின்பக்கச் சுவரில் பழைய எழுத்து. ஒருத்தர் போட்டோவில் தெளிவாக விழட்டும் என்று குங்குமத்தை விரலால் அழுத்தி எழுத்துக்குள் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னையும் ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அதுதான் உறுத்துகிறது.

கம்பம் மாமா
கல்லும்முள்ளும், நீங்கள் தடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணெய், குங்குமம், மாவு எதையும் கல்வெட்டில் தேய்க்கக் கூடாது. பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே எழுத்து நிழலோடு எழும்பும். தேனி, அந்த ஆத்தா சொன்னது சரி. சிலம்பில் கண்ணகி வேங்கை மர நிழலில்தான் நிற்கிறாள், குன்றக் குறவர்கள் வந்து பார்க்கிறார்கள். கோயில், கோட்டம் எல்லாம் அப்புறம் வந்தது. இனிமேல் போகிறவர்களுக்கு: விடியும் முன்னே அடிவாரம் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் விடமாட்டார்கள். பிளாஸ்டிக் பாட்டிலை சோதனையில் வாங்கி வைத்துவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். புதுச் செருப்பு வேண்டாம். 1337 மீட்டர் உயரம், வெயில் தெரியாது, மாலையில் கழுத்து எரியும். முட்டி வலி உள்ளவர்கள் ஜீப்பில் ஏறலாம், ஆனால் முதுகு வலி உள்ளவர்கள் ஏறக் கூடாது. பேசாமல் நடந்தே போய்விடுங்கள். நான் ஒரு தடவைதான் கிளம்பினேன். மழை பிடித்துக்கொண்டது, பாதியில் திரும்பிவிட்டேன்.

கல்லும்முள்ளும்
மேலேயே போகாதவர் என்னைத் தடுக்கச் சொல்கிறார். சரி மாமா.

தேனித்தூறல்
சண்டை வேண்டாம். அதற்கப்புறம் போனவர்கள் யாராவது, சன்னதிக்கு வெளியே, இடது பக்கம், கல்லின் மேல் வளையல் கிடந்ததைப் பார்த்தீர்களா?