கீமோ நாட்களில் அப்பாவின் சர்க்கரை

கேள்வி:
அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். நான்காவது கீமோ முடிந்தது. வெறும் வயிற்றில் 118, மாலையில் 340! மூன்றாம் நாள் விடியலில் 62, வேர்த்து நடுங்கினார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c சோதனையில் 7.1% என்பதால் கவலை வேண்டாம் என்கிறார்கள். இந்த ஏற்ற இறக்கம் புற்றுநோய் மரண அபாயத்தைக் கூட்டுமா? தூக்கமே இல்லை.

பதில் 1:
நான் செவிலியர். வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அதனால் சர்க்கரை பிற்பகலில்தான் எகிறும். ஸ்டீராய்டின் வேகம் தணிந்தபின்னும் இன்சுலினைக் குறைக்காவிட்டால் 62 வரத்தான் செய்யும். நேரம் குறித்த அளவுகளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 2:
ஏற்ற இறக்கத்துக்கும் மரண அபாயத்துக்கும் தொடர்பு உண்டு என்கின்றன ஆய்வுகள். அதுவே காரணம் என்று நிரூபணமாகவில்லை. நோய் முற்றினாலும், உணவு குறைந்தாலும் சர்க்கரை தடுமாறும். ரத்தசோகை இருந்தால் அந்த மூன்று மாதச் சராசரியையும் நம்ப முடியாது.

கேட்டவர்:
அன்றிரவு அவர் இரண்டு வாய் கஞ்சிதான் குடித்தார். இன்சுலின் மட்டும் வழக்கமான அளவு. நான்தான் போட்டேன்.