கப்பல் இல்லாத துறை: அபெர்ச்சரும் பிளாக் மேசாவும் ஒரே கதையா?

காட்பாடி ஜங்ஷன்:
'ஹாஃப்-லைஃப்', 'போர்ட்டல்' என்ற இரண்டு வீடியோ கேம்களும் ஒரே உலகம் என்று இங்கே பலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 1998-இல் வந்த முதல் ஹாஃப்-லைஃபில் பிளாக் மேசா என்ற ஆராய்ச்சிக்கூடம் மட்டும்தான். போர்ட்டலில் வரும் அபெர்ச்சர் சயின்ஸ் கம்பெனியின் பெயரே கிடையாது. 2007-இல் போர்ட்டல் செய்த சின்னக் குழு, ஹாஃப்-லைஃப் செய்த வால்வ் கம்பெனி ஏற்கெனவே கட்டிவைத்த வீட்டில் ஒரு திண்ணையைப் பிடித்துக்கொண்டது. திண்ணையில் உட்கார்ந்தவரெல்லாம் சொந்தக்காரரா?

சத்துவாச்சாரி சங்கு:
தம்பி, ஹாஃப்-லைஃப் 2-இன் எபிசோட் டூவை முடித்தாயா, பாதியில் விட்டாயா? அதில் எல்லோரும் தேடும் பொரியாலிஸ், அபெர்ச்சரின் ஆராய்ச்சிக் கப்பல். அதை அழித்தே ஆக வேண்டும் என்கிறார் விஞ்ஞானி ஈலை. பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறார் இன்னொரு விஞ்ஞானி கிளைனர். இரண்டு பேருமே பிளாக் மேசாவில் வேலை பார்த்தவர்கள். அங்கே ஒரு சோதனை கைமீறிப் போய் உலகமே நாசமானதைப் பார்த்த மனுஷன், இன்னொரு கம்பெனியின் சாமானைப் பார்த்துப் பயப்படாமல் என்ன செய்வார்?

அப்புறம் 2011-இல் வந்த போர்ட்டல் 2. பாதாளத்தில் ஒரு பூட்டிய கதவுக்குப் பின்னால் காலியான கப்பல் துறை. பொரியாலிஸ் என்று எழுதிய மிதவை வளையம் மட்டும் இருக்கும். ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "லாரி டியூபாடா?" என்றார் அம்மா.

காட்பாடி ஜங்ஷன்:
காலித் துறைதான் ஆதாரமா? பாலாற்றுப் பாலத்தைக் காட்டி, ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்பதுபோல இருக்கிறது.

சத்துவாச்சாரி சங்கு:
2021 நவம்பரில் வெள்ளம் வந்ததே, மறந்துவிட்டாயா?

ராணிப்பேட்டை ரவுண்டானா:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். கதை ஒன்றுதான், ஆனால் அபெர்ச்சருக்கு பிளாக் மேசா மேல் இருக்கும் பகை ஒருதலை. போர்ட்டலில் ஆளில்லாத மீட்டிங் அறையில் ஓடும் ஸ்லைடைப் பாருங்கள்: அங்கேயும் பிளாக் மேசாவோடு ஒப்பீடு. கடைசியில் அபெர்ச்சரை நடத்தும் கம்ப்யூட்டர் கிளாடோஸ் பாடும் பாட்டிலும் அந்தப் பெயர். போர்ட்டல் 2-இல் அபெர்ச்சரின் முதலாளி கேவ் ஜான்சன் ஒலிபெருக்கியில் திட்டுவதும் அவர்களைத்தான். ஷவர் திரை விற்று ஆரம்பித்து, மிச்சிகன் உப்புச் சுரங்கத்தை வாங்கி, நிலாக் கல்லை அரைத்து அதன் விஷத்தில் தானே படுத்த மனுஷன்! நியூ மெக்சிகோவில் இருந்த பிளாக் மேசாக்காரர்கள் இவரைக் கண்டுகொண்ட மாதிரியே தெரியவில்லை.

ஆற்காட்டில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர் பேச்சுக்குப் பேச்சு ஆம்பூரை இழுப்பார். ஆம்பூர்க்காரர் ஆற்காடு என்று வாயே திறக்க மாட்டார். அதே கதைதான்.

ஆற்காட்டான்:
இதைப் படித்துவிட்டு மக்கன் பேடா கேட்டு இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
ஒருதலை என்றால் எனக்குத்தான் சாதகம். சின்னவர் மட்டும் சொல்லிக்கொள்ளும் உறவு அது. எபிசோட் டூ கப்பலைத் தேடிக் கிளம்பும் நேரத்தில் முடிந்தது. 2020-இல் வந்த 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' ஆட்டமும் அந்தக் கப்பலில் கால் வைக்கவில்லை.

சத்துவாச்சாரி சங்கு:
வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981 வரை மூலவர் இல்லை. அதற்காக அதைக் கோயில் இல்லை என்றா சொன்னார்கள்?

காட்பாடி ஜங்ஷன்:
அண்ணே, அங்கே உங்கள் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். கப்பலும் உங்கள் தெருவில்தான் இருக்கிறதா?