பிளேஸ்டேஷன் மூவ் ஹீரோஸ் இப்போது வாங்கலாமா?

கேள்வி: பிளேஸ்டேஷன் 3-க்கான இந்த வீடியோ கேமின் டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறது. வெவ்வேறு கேம்களின் நாயகர்களான ராட்செட், ஜாக், ஸ்லை கூப்பர் மூவரும் கூட்டாளிகளோடு ஒரே ஆட்டத்தில் என்றால் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் என்னிடம் சாதாரண கன்ட்ரோலர் மட்டுமே. போதுமா?

பதில் 1: போதாது. கை அசைவை உணரும் மூவ் கன்ட்ரோலரும் பிளேஸ்டேஷன் ஐ (Eye) கேமராவும் கட்டாயம், கன்ட்ரோலரின் நுனியில் ஒளிரும் உருண்டையைக் கேமரா பார்த்துத்தான் கை எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்கிறது.

பதில் 2: கதைக்காக வாங்காதீர்கள். 2011-இல் இதைச் செய்தது நிஹிலிஸ்டிக் என்ற நிறுவனம், அந்த நாயகர்களை உருவாக்கிய நிறுவனங்கள் இல்லை. குட்டிப் பிராணிகளை மீட்பது, எதிரிகளை நொறுக்குவது என்று சின்னச் சின்னச் சவால்கள்தான். வட்டத்தட்டை வீசிவிட்டு, மணிக்கட்டைத் திருப்பி அதை வளைத்து ஓட்டுவது மட்டும் அருமை.

பதில் 3: அப்புறம், நாயகரை நடக்க வைக்க உங்கள் பழைய கன்ட்ரோலரையே இடக்கையில் பிடிக்கலாம். கொஞ்சம் கை வலிக்கும், சரியா?